கடைசி அடி இல்லாத அம்பா

இத்தாலிக்காரர்கள் தங்கள் நாட்டுப் பாடகன் என்று கொண்டாடும் ஷிப்லியை, பிறந்த ஊரான, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் யாரும் பாட்டுக்காரனாக மதித்ததில்லை. ஊருக்கு அவன், கரைவலை இழுப்பவர்களின் தலைவரான தண்டயல் சீனிமுகம்மதுவின் மகன், அவ்வளவுதான்.

கரைவலைக் கயிற்றில் அவனோடு சேர்த்துப் பதினொரு பேர் நிற்பார்கள். தண்டயல், அம்பா என்ற வலையிழுப்புப் பாட்டின் அடியைப் பாடுவார், கயிற்றில் நிற்பவர்கள் மறுமொழி பாடி இழுப்பார்கள். வலையின் மடி கரையேறியதும் தண்டயல் கடைசி அடியைப் பாடி முடிப்பார். அதற்கு முன் எவனும் கையை எடுக்கக்கூடாது. சீனிமுகம்மது இந்த விஷயத்தில் பெரிய முரடர். பெற்ற மகனென்றும் பார்க்கமாட்டார்.

சுனாமி வந்த காலையில் வலை பாதியில் நின்றது. கடல் பின்வாங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இருபது வயது ஷிப்லியும் பக்கத்தில் நின்ற, அவனுக்கு அண்ணன் முறையான மக்கீன் காக்காவும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். ஷிப்லி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மற்ற ஒன்பது பேரும் கயிற்றோடு நின்றார்கள். வாப்பா பாடிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவருடைய மையித்தும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் அவன் இத்தாலியில் நாப்போலி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஆறு வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினான். பிறகு ஒரு பழைய கிட்டாரோடு தெருவில் நின்று, அம்பா மெட்டில் இத்தாலிய வரிகளைக் கட்டிப் பாடினான். கூட்டம் சேர்ந்தது. பாட்டுப் பதிவு செய்யும் ஒரு கம்பனிக்காரர் தேடி வந்து, பாட்டைப் பாதியில் விட்டால்தான் மனதில் நிற்கும், கடைசி அடி வேண்டாம் என்றார். ஷிப்லி உடனே சம்மதித்தான். வாப்பா முடிக்காமல் போன அந்த அடியை வாயில் எடுக்க அவனுக்கே பயம்தான், வேறென்ன.

பதிவு முடிந்ததும் ஸ்டூடியோக்காரன் முகம் வெளுத்து, "உன்னோடு பாடியவர்கள் யார்?" என்று கேட்டான். கண்ணாடி அறைக்குள் ஷிப்லி மட்டும்தான் இருந்தான். பதிவிலோ, ஒவ்வொரு அடிக்கும் ஆண்கள் தமிழில் மறுமொழி பாடினார்கள். கம்பனிக்காரர் அதை அப்படியே விட்டார். பாட்டு புகழில் எங்கோ போய்விட்டது. இத்தாலியக் குடியுரிமை வந்தது, பெரிய மேடைகள் வந்தன. மேடை தோறும் அவர்களும் வந்தார்கள். ஒன்பது குரலையும் ஷிப்லி ஆள் ஆளாக அறிவான். வாப்பாவின் குரலைத்தான் ஒவ்வொரு முறையும் தேடினான். அது இல்லவே இல்லை. அந்த ஏக்கம் அவனைத் தின்றது.

போன மாதம் மேடையில் பாடும்போது உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தால் கயிறு அறுத்த காயம். ரத்தம் கசிந்தது. மறுவாரமே ஊருக்கு வந்து மக்கீனைத் தேடிப் போனான். மக்கீன் பாட்டைக் கைபேசியில் கேட்டு, பாதியிலேயே நிறுத்தினார்.

"நீ அம்பாவ முடிக்கயில்ல தம்பி. முடிக்காம அவங்க எப்பிடிக் கயித்த உடுவாங்க? போய் முடிச்சு உடு."

"ஏன் காக்கா, வாப்பாட குரல் மட்டும் கேக்குதில்ல?"

"தண்டயல் எங்கயாவது மறுமொழி பாடுவாரா? அவர்ர எடத்துலதானே நீ நிண்டு பாடுறாய்."

அசர் தொழுதுவிட்டு இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மக்கீன் மணலில் நின்றார். ஷிப்லி கரையோரம் போய்ப் பாடத் தொடங்கினான். அலைக்குள்ளிருந்து ஒன்பது குரல்கள் மறுமொழி சொல்லின. மக்கீனுக்கும் கேட்டது. அவர் ஓதத் தொடங்கிவிட்டார்.

கடைசி அடி வந்தது. அதைப் பாடிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், வாப்பாவின் குரலை இனி எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. ஷிப்லி வாயை மூடிக்கொண்டான்.

ஒரு மூச்சு நேரம் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு கடலுக்குள்ளிருந்து தண்டயலின் குரல் எழுந்தது, முதல் அடியிலிருந்து. ஷிப்லி அழுதுகொண்டே மறுமொழி பாடினான், பத்தாவது ஆளாக. கைக்குள் ஈரக் கயிறு இறுகியது.

"ஷிப்லி! கைய உட்டுட்டு வா!" என்று மக்கீன் கத்தினார்.

தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. வாப்பா இன்னும் முடிக்கவில்லை. இந்த முறை அவன் கையை எடுக்கவில்லை.