சலீம் நானா வீட்டுக் கதவு

மன்னார் நகரத்தில் மகள் கட்டியிருக்கும் புதுவீட்டு வாசல் இரண்டு ஆள் உயரம். நேற்றும் அதற்குள் குனிந்துதான் நுழைந்தேன். "ஏனப்பா குனியிறீங்கள், இதுக்குள்ள யானையே போகும்" என்று சிரித்தாள். வயது என்று சொல்லித் தப்பினேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம்.

முசலிக் கரையோரக் கிராமமொன்றில் நான் படிப்பித்த காலத்தில், பக்கத்து வளவு சலீம் நானாவுடையது. கருவாட்டு வியாபாரி; என்னைப் போலவே நெடுவல். அவருடைய வாப்பா பாலை மரத்தில் வைத்த வாசல் நிலை என் நெற்றி மட்டம்தான். கிழமைக்கு ஒருமுறையாவது இடித்துக்கொள்வேன். "ஊரே எழும்பி நிக்கிற மாஸ்டரை எங்கட வாப்பாட கதவு குனிய வெச்சிட்டுது" என்பார் நானா. உள்ளே பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ. கருவாட்டு மணம் சட்டையில் ஒட்டிவிடும். அதற்கு மனைவியிடம் வாங்கிக்கட்டியது தனிக்கதை.

பிறகு, தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் இயக்கப் பெடியள், தோளில் துவக்குகளோடு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"மாஸ்டர், நீங்க இருக்கிறீங்கதானே. வீட்டப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் நானா.

"ஓம் நானா" என்றேன்.

பல வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிச் சண்டை நெருங்க, நாங்களும் ஓடவேண்டி வந்தது. எங்கள் பக்கத்தில் ஓடுகிறவர்கள் வீட்டையும் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள். தகரம், யன்னல், கதவு எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும். போகிற இடத்தில் ஒரு கொட்டில் போட வேண்டுமே. என் கதவைக் கறையான் தின்றிருந்தது. நானாவின் கதவை நிலையோடு கிளப்பி ஏற்றினேன். பாதுகாக்கத்தான் கொண்டுபோகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சண்டை முடிந்து உயிலங்குளத்தில் வீடு கட்டியபோது அதையே என் வாசலில் வைத்தேன்.

மீளக்குடியேறலாம் என்று அறிவித்ததும் புத்தளத்து முகாமிலிருந்து நானா வந்தார், கிழவராக. என்னைத் தேடி வீட்டுக்கும் வந்தார். "வாங்கோ நானா" என்றேன். நிமிர்ந்து பாராமலே, இடிக்கிற இடத்தில் சரியாகக் குனிந்து உள்ளே வந்துவிட்டார். வந்த பிறகுதான் நின்றார். திரும்பிப்போய் நிலையைத் தடவினார்.

"இண்டைக்கே கழற்றித் தாறன் நானா."

"தந்தா எங்க மாட்டுறது மாஸ்டர்? எனக்குச் சுவர் இல்லையே. தறப்பாள் கொட்டிலுக்குக் கதவு போடேலுமோ? சுவர் வரட்டும், சொல்லி அனுப்புறன்."

பிளேன்ரீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

சுவர் வரவில்லை. அவருடைய வளவைக் காடு மூடியிருந்தது. இனி அது வன இலாகாவின் காட்டுக் காணி என்றார்கள். அவரோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினேன். படித்தவர் என்று எனக்கு உட்காரக் கதிரை தந்தார்கள், வேறொன்றும் தரவில்லை. ஒரு மாரியில் தறப்பாளும் பறந்தது. மகன் வந்து அவரைத் திரும்பப் புத்தளத்துக்கே கூட்டிப்போனான். அங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உயிலங்குளத்து வீட்டை அந்தக் கதவோடேயே விற்றுவிட்டுத்தான் மகளிடம் வந்திருக்கிறேன். அண்மையில் அந்த வழியால் போனபோது வாசலில் உயரமான இரும்புக் கதவு நின்றது. பழையது எங்கே என்று வாங்கியவரிடம் கேட்டேன்.

"அதுவோ ஐயா? செங்கல் சூளைக்குக் குடுத்திட்டன். பாலையெல்லோ, நல்லா எரிஞ்சிருக்கும்."

அந்தச் சூளைக் கல் யாருடைய சுவருக்கு என்று நான் கேட்கவில்லை.