அத்திமரத்தடியில் ஓர் ஆண் பூச்சி

தென்காசியில் குழல்வாய்மொழியைப் பற்றி யாரைக் கேட்டாலும், "பூச்சி டீச்சர்தானே?" என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அவள் வேலைபார்த்த அதே பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த என்னை ஒருத்தரும் 'வகுத்தல் டீச்சர்' என்று சொன்னதில்லையே. அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். கோபப்படுவது என் பொறுப்பு.

ஐம்பத்தாறாம் வருஷத்துச் சாரல் காலத்தில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற வழியில் ஓர் அத்திமரம். அடியில் பழம் உதிர்ந்து அழுகிக் கிடந்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினோம். இவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எள்ளளவு கறுப்புப் பூச்சி ஒன்று, சிதறிக் கிடந்த அத்தி விதையில் ஊசிமூக்கைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ரெங்கம்மாக்கா, இதை நான் எந்தப் புஸ்தகத்திலயும் பாத்ததில்லையே" என்றாள்.

"அதுவும் உன்னைப் பாத்திருக்காது. எந்திரிட்டி, பிள்ளையெல்லாம் அருவிப் பக்கம் ஓடுது" என்றேன்.

பிடித்ததில் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினாள். அங்கே பூச்சிகளை ஆராய்கிற ஓர் அதிகாரி மரியாதையாகவே பதில் எழுதினார். இது இதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்பியது எல்லாம் பெண். இந்த வகையில் ஆணைப் பார்த்தால்தான் இனம் நிச்சயமாகும். ஆண் கிடைத்ததும் நீங்களே விவரித்து எழுதுங்கள், அச்சுக்கு நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை அவளுக்கு. ஓர் ஆண் பூச்சி வேண்டும், அதை முழுசாக விவரித்து எழுதவேண்டும், தான் வைத்த பெயரோடு அது அச்சில் வரவேண்டும். நகை நட்டு, பட்டுப்புடவை எதுவும் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பெண் பூச்சியைப் பற்றி எழுதிவைத்திருந்ததை எனக்குச் சொல்லிக்காட்டுவாள். தலை கறுப்பு, பளபளப்பில்லாதது. உணர்கொம்பில் நாலு கணு, கடைசிக் கணுவின் அடி வெளிறியது. இறக்கையில் பழுப்புப் புள்ளி இரண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த அத்தைமார்கூட இத்தனை நுணுக்கமாகச் சொல்லமாட்டார்கள் என்று கேலி செய்வேன். "நீங்க வேணா சிரிங்க. இப்படி ஒண்ணு நம்ம மலையில இருக்குன்னு ஒலகத்துல யாருக்கும் தெரியாதுக்கா" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கேலி நின்றுவிடும்.

இரண்டு வருஷம் கழித்து ஆண் கிடைத்தது. ஒரே ஒன்று. முன்னங்கால் தொடை பருத்து, அதில் ஒரு முள். முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் கோந்து தொட்டு ஒட்டி, மரப்பெட்டியில் பாச்சை உருண்டையோடு வைத்து மூடினாள். பூஜை லீவில் உட்கார்ந்து எழுதுவதாக இருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பெண்டாட்டியின் படிப்பில் அப்படியொரு பெருமை அவருக்கு. சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில், அந்தப் பெட்டியை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். அம்பாள் சன்னிதியில் பாச்சை உருண்டை நாறலாமா என்று அதை எடுத்து வெளியே எறிந்தார். அம்பாள் பார்க்கட்டும் என்று மூடியையும் கொஞ்சம் திறந்துவைத்தார். முன்னால் பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல்.

குழல்வாய்மொழி அடுப்படியிலிருந்து வந்தபோது பூஜை முடிந்திருந்தது. மூடி திறந்திருப்பதைப் பார்த்தாள். உடனே மூடிவிடத்தான் நினைத்தாளாம். ஆனால் கை போகவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. பி.எஸ்.சி. படித்தாலும் தொடக்கூடாது என்றால் தொடக்கூடாதுதான். நானாக இருந்தாலும் தொட்டிருக்கமாட்டேன்.

விஜயதசமி காலையில் நான் போனபோது பெட்டியிலிருந்து பொங்கல் பானை வரைக்கும் எறும்புச் சாரை. அட்டை நுனியில் கோந்தில் ஒட்டிய ஒரு கால்துண்டு மட்டும் இருந்தது.

"சரஸ்வதி பாக்கட்டும்னுல்லா தொறந்து வச்சேன்" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் எறும்பைத் தட்டிவிட்டுப் பெட்டியை மூடினாள். நான்தான், "மூடியிருந்தா சரஸ்வதிக்குத் தெரியாதாக்கும்?" என்று கத்திவிட்டு வந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சாரலுக்கும், ஞாயிறு தவறாமல், மனுஷர் சல்லடையும் வெள்ளைத் துண்டும் கைலென்சுமாக அத்திமரத்தடிக்குக் கிளம்பிவிடுவார். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓட, இவர் சருகு சலிப்பார். பழக்கடை பரீது, "அண்ணாச்சி, தொலைஞ்ச மோதரம் இன்னுமா கெடைக்கல?" என்பார். பெண் பூச்சி நிறையக் கிடைத்தது. ஆண் கிடைக்கவில்லை. மேல்காற்று வீசி மலையில் மேகம் இறங்கினால் குழல்வாய்மொழி பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்றுவிடுவாள். குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டவள் நிற்பதுபோல இருக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

அறுபத்தாறில் ஒரு நாள், மாணவர்களோடு சீசனுக்கு வந்த பாளையங்கோட்டைப் பேராசிரியர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். அவள் ஆசையாகத் தன் பூச்சியைக் காட்டினாள். "இதுவா? மலையாளத்துப் பக்கம் ஒருத்தர் பிடிச்சு, போன வருஷமே எழுதிட்டாரே" என்று பையிலிருந்து அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். படத்தில் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முன்னங்கால் முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதுதான் சார்" என்றாள். முதலில் எழுதியவர் வைத்த பெயர்தான் நிற்கும், அது சட்டம். அன்று அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போனேன்.

விளக்கேற்றுகிற நேரம். அன்று ஆபீசுக்கு லீவு போட்டு அத்திமரத்தடிக்குப் போயிருந்த அவள் வீட்டுக்காரர் தலை சொட்டச் சொட்ட ஓடிவந்தார்.

"ஏட்டி, இங்கன பாரு! முள்ளு இருக்குட்டி, முள்ளு!"

சின்னக் குப்பியை அவள் கையில் திணித்தார். அவள் லென்சில் பார்த்தாள். ஆண்தான்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"எழுதிருதியா? இப்பவே எழுதிரு" என்றார்.

அவள் உட்கார்ந்து எழுதினாள். பருத்த தொடையை, முள்ளின் வளைவை, பெண்ணைவிடக் குறுகிய வயிற்றை, ஒன்றும் விடாமல் எழுதினாள். அவர் ஈரத்துணியை மாற்றாமல் பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும், "படி, கேப்போம்" என்றார்.

நிதானமாகப் படித்தாள். கடைசியில் கிடைத்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதுவது வழக்கம். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில்கூட அவள் என்னைத்தான் சொல்லச் சொல்வாள்.

"கிடைத்த இடம் குற்றாலம். பிடித்தவர்..." என்று நிறுத்தினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "சிவசுப்பிரமணியன்" என்றாள்.

அவர் சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இது அச்சுல வர எம்புட்டு நாளாவும்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளாவுங்க" என்றாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.