கால் டன் தண்ணீர்

செங்கோடன் ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மூன்று முறை குதிக்கிறார். குதித்ததும் அசையாமல் நின்று, காதைச் சாய்த்துக் கேட்கிறார். மரம் முனகாவிட்டால் இறங்கி வந்து பீடியைப் பற்ற வைப்பார். முனகினால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

“என்ற வெயிட்டு அறுவத்தெட்டு கிலோ. எகிறிக் குதிச்சா அது எரநூறு ஆவும். நான் குதிச்சுத் தாங்காத ஸ்டாண்டுல மீனு எப்பிடீங்க நம்பிக் குடியிருக்கும்?”

சங்ககிரியில் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஒரே அறை. வீட்டிலேயே மீன் வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்கிறவர்களுக்கு, கண்ணாடித் தொட்டி வைக்க மர ஸ்டாண்டு செய்து தருகிறார். இரும்பு ஸ்டாண்டு துருப்பிடித்துப் போகிறதென்று சலித்தவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். வயது அறுபத்து நான்கு. அதில் முப்பத்தெட்டு வருடம் லாரிக்கு பாடி கட்டியவர். அவர் கட்டிய பாடி போட்ட இரண்டு லாரிகளை நான் ஓட்டியிருக்கிறேன். அதில் ஒன்று மகாராஷ்டிரா பக்கம் பள்ளத்தில் சாய்ந்தபோது கேபின் நசுங்கியது. பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் சொன்னேன். “அந்தக் கேபினு கட்டுனவன் யாருங்க?” என்று கோபித்துக்கொண்டார்.

பட்டறைப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. மீன் அவருக்குச் சரக்கு. தொட்டியின் அளவை லிட்டரில் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். நாலடித் தொட்டி என்றால் “கால் டன் லோடு”. பழைய லாரிகளைப் பிரிக்கிற இடத்தில்தான் பலகை வாங்குவார். ஒவ்வொரு பலகையையும் மூக்கருகே தூக்கி முகர்ந்து பார்ப்பார். “இது முட்ட ஏத்துன லாரி. பலக சுத்தம், எடுக்கலாம். இது சிமெண்டு ஏத்துனது, தண்ணி பட்டாப் பொரிஞ்சு போயிரும், அக்கட்டாலப் போடுங்க.” கடைக்காரர்கள் அவரை மோப்ப நாய் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்கிறார்கள்.

ஸ்டாண்டு முடிந்ததும் மஞ்சள் பெயிண்டைக் குழைத்து, அந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை அதன் பின்பக்கத்தில் எழுதுவார். லாரியின் நெற்றியில் முதலாளியின் பிள்ளைகள் பெயர் எழுதுவார்கள் இல்லையா, அதே கொம்பு வைத்த எழுத்து. சுவரை ஒட்டிப் போடும் பக்கம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். “பாக்கறதுக்கா எழுதறது? வண்டின்னா யாரு வண்டின்னு இருக்கோணுமுங்க” என்றார்.

எனக்குப் பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. தொட்டில் மாட்ட ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று அவரிடம்தான் போனேன்.

“லோடு என்னங்க?”

“மூணு கிலோ நானூறு கிராம்” என்றேன். ஆஸ்பத்திரியில் எடை போட்டதிலிருந்து அதை நான் ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

“தண்ணி ஊத்தமாட்டீங்கல்ல?”

“புள்ளையே ஊத்திக்கும்” என்றேன். செங்கோடன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். மேல் பல் இரண்டு இல்லை. நாலே நாளில் தொட்டில் ஸ்டாண்டு வந்தது. யானைக்குட்டியைப் போட்டு ஆட்டலாம். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. “பேரு வெச்சுட்டுச் சொல்லுங்க, வந்து எழுதித் தாரேன்” என்றார்.

அவர் வீட்டு அறையிலும் ஒரு ஸ்டாண்டு இருக்கிறது. அவர் செய்த முதல் ஸ்டாண்டு. அவர் மனைவி அங்கம்மாள் படுக்கையில் விழுந்தபோது பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். படுத்தபடி பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று கப்பி மீன் வாங்கி வந்து, கட்டிலில் தலை சாய்த்தவர் கண்ணுக்கு நேராக இருக்கும் உயரத்தில் அதைச் செய்தார். அங்கம்மாள் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இப்போதும் அந்தத் தொட்டிக்குத் தீனி போட அவர் முழங்காலில் கை ஊன்றிக் குனிய வேண்டியிருக்கிறது. உயரத்தை மாற்றவில்லை. அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது என்றால் ஆட்டையாம்பட்டி மைதிலி வீட்டில்தான். மைதிலியின் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவார். திரும்பி வர ஆறு மாதம். தறி ஓடிக்கொண்டிருந்த அறையைக் காலி செய்து மைதிலி மீன் வளர்க்கிறார். அந்த அறைக்கு முதல் ஸ்டாண்டு செய்து கொடுத்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செங்கோடன் ஸ்பேனரோடு மொபெட்டில் போய்விடுவார். புது பாடி கட்டிய லாரி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டையெல்லாம் மறுபடி முறுக்க வேண்டும். அந்த வழக்கம்.

“ஓடற லாரிக்குச் சரி. நிக்கற ஸ்டாண்டுக்கு எதுக்குண்ணா வாரா வாரம் முறுக்கறீங்க?” என்று மைதிலி கேட்பாராம்.

“மீனு ஓடுதில்லீங்க அம்மிணி” என்பாராம் இவர்.

முறுக்க ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு காபி, இட்லி, எந்த மீன் முட்டை வைத்தது, எது வைத்த முட்டையைத் தானே தின்றது என்ற பேச்சு. மதியம்தான் திரும்புவார். அது ஒன்றரை வருடம் நடந்தது.

பிறகு ஒரு புது ஸ்டாண்டு செய்து கொடுத்தார். அதன் மேல் நாலடித் தொட்டி. உள்ளே ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று. ஏஞ்சல் மீனை நாம் ஜோடி சேர்க்க முடியாது. ஆறேழு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால், எட்டு மாதத்தில் அதுகளாகப் பார்த்து இரண்டு ஒதுங்கும். மைதிலிக்கு அப்படி ஒதுங்கிய முதல் ஜோடி அது. முட்டையும் வைத்திருந்தது. பதினோராம் நாள் மைதிலி ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் பின்பக்கக் கண்ணாடி ஒட்டு விட்டுவிட்டது. வந்து பார்த்தபோது கட்டிலுக்கடியில் எல்லாம் தண்ணீர். ஜோடி தரையில் கிடந்தது.

அன்று மைதிலி போனில் கேட்டதைச் செங்கோடனே எனக்குச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

“அண்ணா, ஸ்டாண்டு பொறத்தால சாஞ்சிருக்குது. தெரியுமா உங்களுக்கு?”

“ஒரு வெரலு வாட்டம் உட்ருப்பனுங்க அம்மிணி.”

“எதுக்கு?”

“மழத்தண்ணி வடியறதுக்கு.”

மைதிலி, “என்ற ஊட்டுக்குள்ள மழ பேயுதாண்ணா?” என்று கேட்டு போனை வைத்துவிட்டாராம்.

லாரி பாடியின் தரை பின்பக்கமாக ஒரு விரல் சரிந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் வழிந்துபோக அந்தச் சரிவு. முப்பத்தெட்டு வருடம் விட்ட வாட்டத்தைக் கை தானாக விட்டிருக்கிறது. பின் கால்கள் இரண்டும் ஒரு விரல் குட்டை. மைதிலிக்கு முதலில் செய்த ஸ்டாண்டில் இருந்தவை சின்னத் தொட்டிகள், தாங்கிக்கொண்டன. கால் டன் தண்ணீர் பின்கண்ணாடியில் சாய்ந்தபோது தாங்கவில்லை.

“குதிச்சுப் பாத்தனுங்க. மூணு தடவ குதிச்சேன். மட்டம் பாக்கல. லாரி எந்த ரோட்டுலீங்க மட்டமா நிக்குது? பட்டறைல ரசமட்டமே கெடையாது” என்றார்.

அதன் பிறகு ஏழு மாதம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மைதிலியும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டைத் துடைப்பார், ஸ்பேனரை எடுத்துச் சீட்டுக்கடியில் வைப்பார், சந்து முனையில் மதனின் டீக்கடை வரை வருவார், திரும்பிவிடுவார். சட்டைப் பையில் ஒரு சாண் நீள ரசமட்டம் வந்து சேர்ந்தது. டீக்கடை பெஞ்சில் வைத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் திண்டில் வைத்துப் பார்ப்பார். என் பேத்தியின் தொட்டில் ஸ்டாண்டில் எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். “ஏனுங் மாமா, கடைய விக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்? அளந்துட்டே இருக்கறீங்க” என்று மதன் கத்துவான். செங்கோடன் கண்ணை எடுக்காமல், “கெழக்கால ஒசரமா இருக்குது” என்பார்.

போன மாதம் யாரும் கேட்காத ஒரு ஸ்டாண்டு கொட்டகையில் எழுந்தது. வாகைப் பலகை, நாலடி நீளம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முடிந்த அன்று அவராக வந்து என் வாசலில் நின்றார்.

“குட்டியானை வண்டி சொல்லிருக்கேன். நீங்களும் வாரீங்களா? தனியாப் போனா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிருவாங்க. அந்த அம்மிணி ஊட்டுக்குள்ள மறுபடி உடலீன்னா எனக்குப் போறதுக்கு வேற ஊடு இல்லீங்க.” கொஞ்சம் தயங்கி, “உங்க பேத்தி பொறந்த மிட்டாய் இன்னும் மீதி இருக்குதுங்களா? ஒரு பாக்கெட்டு எடுத்துக்கங்க. மிட்டாயோட வாரவங்கள ஆரும் தொரத்தமாட்டாங்க.”

மிட்டாய் என்னிடம் எப்போதும் இருக்கிறது.

அந்தச் சின்ன வேனின் பின்னால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றே வந்தார். மைதிலி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், மிட்டாயைப் பார்த்தார், கடைசியில் ஸ்டாண்டைப் பார்த்தார்.

“இத ஆரு கேட்டா?”

“ஆரும் கேக்கலீங்க” என்றார் செங்கோடன்.

“இந்தத் தடவ எந்தப் பக்கம் வாட்டம்? மழ எந்தப் பக்கமிருந்து வருதாம்?”

அவர் ரசமட்டத்தை எடுத்து நீட்டினார். மைதிலி அதைத் தொடவில்லை. உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வந்தார். ஸ்டாண்டைச் சிமெண்டுத் தரையில் இறக்கச் சொல்லி, தட்டைப் பலகை மேல் வைத்து, குனிந்து சுற்றி வந்து பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமும் வழியவில்லை. தட்டை இடம் மாற்றி வைத்தார். அப்போதும் வழியவில்லை. செங்கோடன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பின்பக்கம் போனபோது மைதிலி நின்றுவிட்டார். அங்கே மஞ்சள் எழுத்தில் ‘மைதிலி ஜெகதீஸ்வரன்’ என்று இருந்தது.

“மீனு செத்தா மனுசன் வரக் கூடாதாக்கும்?” என்றார் மைதிலி. குரல் கடுகடு என்றுதான் இருந்தது. “ரெண்டு நாளு கத்தியிருப்பேன். மூணாவது நாளு வந்திருக்கலாமில்ல?”

“வந்தனுங்க அம்மிணி. டீக்கடை வரைக்கும் வந்தேன்.”

“நல்லா வந்தீங்க. எங்கூட்டுக்கு வழி டீக்கடையோட முடிஞ்சு போச்சாட்டக்குது.” குழந்தை பிறந்த மிட்டாய் என்று சொல்லி நான் நீட்டிய பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். “என்ன புள்ளைங்க? பொம்பளப் புள்ளையா? எத்தன கிலோ?”

சொன்னேன். மிட்டாய் வேலை செய்தது.

அறையில் மற்ற தொட்டிகள் ஹாலோ பிளாக் கல்லின் மேல் இருந்தன. புது நாலடித் தொட்டி ஒன்று காலியாகச் சுவரோரம் நின்றது. வாங்கி ஒரு மாதமாம். எந்த ஸ்டாண்டை நம்பி வைப்பது என்று அப்படியே விட்டிருக்கிறார். மூவரும் சேர்ந்து தெர்மாகோல் விரித்துத் தொட்டியைத் தூக்கி வைத்தோம். மைதிலி வாசல் குழாயில் டியூபை மாட்டி, மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டார்.

“நெறயற வரைக்கும் இருந்து பாருங்க. நெறஞ்சு நின்னுதுன்னா நீங்க கெளம்பலாம்” என்று செங்கோடனிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

செங்கோடன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கால்வாசி ஏறியது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “சக்கர போடலாமாண்ணா? நிறுத்திட்டீங்களா?”

“போடலாமுங்க.”

“அவரு இப்ப மத்தியப் பிரதேசத்துல இருக்காரு. தண்ணியே வரலையாம், பாறையாப் போகுதாம்.”

“எத்தன அடிங்க?”

“எண்ணூறு.”

“அட சாமி.”

தண்ணீர் பாதியைத் தாண்டியது. கண்ணாடி ஒட்டில் ஈரம் இல்லை. பலகை முனகவில்லை. மோலி மீன் குட்டி போட்டதை மைதிலி சொன்னார். பக்கத்து வீட்டுப் பூனை வந்து போவதைச் சொன்னார். இவர் ஒவ்வொன்றுக்கும், “அப்பிடீங்களா” என்றார். முக்கால்வாசி ஏறியபோது கண்ணாடியில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

“நெறஞ்சுருச்சாண்ணா?”

“இன்னும் நேரமாவுமுங்க அம்மிணி” என்றார்.

சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்குப் போய்க் குழாயைத் திருகினார். டியூபில் வந்த தண்ணீர் நூலாக இளைத்தது.