லாபத்துக்குப் பிறகு ரெண்டு

நெல் அளக்கும் இரும்பு மரக்காலின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது, கட்டைவிரல் அகலத்துக்கு. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று கொல்லர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். அளவுக்கு அதனால் பழுதில்லை. நெல்லை அள்ளும்போது என் விரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

பொன்னேரி நெல் மண்டியில் நான் சாக்குத் தைக்கிறவனாக இருந்தேன். வாத்தியாருக்குப் பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டி மாட்டிக்கொண்டதோடு, ஐந்தாம் வகுப்பில் என் படிப்பு நின்றது. மண்டிக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. வண்டிக்காரர்கள், தரகர்கள், முதலாளி என்று நான் நடித்துக் காட்டாத ஆள் இல்லை. அதற்கெல்லாம் முதலில் சிரிக்கிறவர் எங்கள் அளவுக்காரர். மண்டியில் எல்லோருக்கும் அவர் நைனா.

நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. அடுத்த மரக்கால் நிறையும்வரை, மறந்துபோகாமல் இருக்க, அதே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: ஏழே ஏழே ஏழு. குவியல் முடிகிறவரை அவர் வாயில் வேறு பேச்சு வரக்கூடாது. அவரிடம் யாரும் பேசவும் கூடாது.

அப்படி அளக்கும்போது நைனா அடிக்கடி இடது கையை நெஞ்சில் வைத்து அழுத்துவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நெஞ்சுல ஒரு அடி முந்திக்கினு வுழுதுடா. அப்புறம் கொஞ்சம் ஒண்ணையும் காணோம். பின்னாடியே தொம்முனு ஒண்ணு. நின்னுடும் போல இருக்குது," என்றார். ராத்திரி தூக்கம் போய் முகம் வற்றியிருந்தது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "நடுநடுவுல ஒரு துடிப்பு கூட வருது. நெறைய பேருக்கு இருக்கும். இப்போதைக்கு மருந்து வேணாம். டீயையும் பீடியையும் குறைங்க," என்றார். நாங்கள் எழுந்தபோது மறுபடி உட்காரச் சொன்னார். "மயக்கம் வந்தாலோ, வேலை செய்யும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ அன்னைக்கே வாங்க. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அது வேற விஷயம்."

திரும்பி வரும் வழியில் நான் சும்மா இருக்கவில்லை. "கணக்குக்கு மேல ஒண்ணு வுழுதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அது லாபம், நைனா," என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து அவர் கை நெஞ்சுக்குப் போகும்போதெல்லாம், நான் சாக்குகளுக்கு நடுவிலிருந்து சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன்: லாபம். எண்ணைத் தவறவிடாமலேயே உதட்டோரம் சிரிப்பார். பயம் விட்டுப்போயிற்று, தூங்கினார். மருந்தில்லாமல் நானே குணப்படுத்திவிட்டதாக எனக்கு ஒரு கர்வம்.

தை அறுவடை வந்தது. மீஞ்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வண்டிகள் வந்து வரிசையில் நின்றன. ஒருநாள் சாயங்காலம் நைனா என்னைக் கிடங்குக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"காலையில இங்க கண்ணு இருட்டிக்கினு வந்துச்சுடா. முழிச்சுப் பாத்தா தரையில கெடக்கறேன். எம்மா நேரம்னு தெரியல. டாக்டரு சொன்னது இதானா?"

டாக்டர் சொன்னதை அவரோடு கேட்டவன் நான் ஒருவன்தான். இதுதான் அது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இல்லை என்று யாராவது சொல்லவேண்டும் என்றுதான் என்னிடம் வந்திருக்கிறார். "நீ சொன்னா நாளைக்கே ரயிலேறிடறேன்," என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"நாஷ்டா துன்னாம வெயில்ல நின்னா யாருக்குந்தான் சுத்தும். லாபம் ஜாஸ்தியாப் பூடுச்சு, தாங்கல உனக்கு," என்றேன்.

கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார். "ஊட்ல சொல்லாதே," என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் அளந்துகொண்டிருந்தவர், பதினாலே பதினாலே என்று சொல்லிக்கொண்டே நின்றார். கையில் மரக்கால் நிறைந்திருந்தது. கொட்டவில்லை. பதினாலு, பதினாலே. அளப்பவரிடம் பேசக்கூடாது, யாரும் பேசவில்லை. நான் வாயை அசைத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவர் என் பக்கம் பார்த்தார். இந்தத் தடவை உதடு அசையவில்லை. முதலில் மரக்கால் கல்லில் விழுந்தது. அதன் பின்னால் அவர். டாக்டர் வந்து குழாயை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

அவர் இறந்த மூன்றாம் நாள், வீட்டில் அவர் மனைவி கேட்டார்: "தம்பி, உன்னாண்ட ஏதாச்சும் சொன்னாரா? என்னாண்ட ஒண்ணுமே சொல்லல."

"இல்லக்கா."

கேலி கலக்காமல் அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அது. அதுவும் பொய்.

வேறு ஆள் கிடைக்காததால் முதலாளி மரக்காலை என் கையில் கொடுத்தார். இப்போது எனக்கும் சில நாள் அந்தத் துடிப்பு வருகிறது. அதே டாக்டர்தான் பார்த்தார், அதையேதான் சொன்னார். மயக்கம் வந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. வந்தால் யாரிடமும் கேட்காமல் ரயிலேறிவிடுவேன். அந்தப் பயம் எனக்கு இல்லை.

காலையில் புதுக் குவியலுக்கு முன்னால் நிற்கும்போதுதான் கஷ்டம். வண்டிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். விரல் பள்ளத்தில் உட்கார்கிறது. குனிந்து அள்ளுகிறேன். முதல் மரக்காலுக்கு வேறு பெயர் கிடையாது. அதைச் சொல்லித்தான் கொட்ட வேண்டும். சொல்லிக் கொட்டுகிறேன். பிறகு ரெண்டு.