முதல் வரியில் என் பெயர்

"பேர் இருந்தால் பிழை உங்கட எண்டு ஆர் சொன்னது?"

ஹம்பேர்க்கில் எங்கள் அலுவலகச் சமையலறையில், காபி இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, பக்கத்து மேசை அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அன்று சிரித்து மழுப்பினேன். இன்றும் பதில் இல்லை. எனக்காக மட்டும் என்றால் பதில் தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிடுவேன். ஆனால் என் மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அவளும் என்னைப் போலவே ஆகிவருகிறாளோ என்ற பயம் சில நாட்களாக என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை நான் அக்கா என்பேன். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யார் மூத்தவர் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்து படித்தவர். நான் ஈரோட்டிலிருந்து வேலைக்காக வந்தவள். எங்கள் குழுவின் ஜெர்மானியர்கள் நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அக்கா என்பது எங்கள் இருவருக்குமே பெயர் போலும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் குழுத் தலைவர் "இதை அக்கா பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல, நாங்கள் இருவருமே தலையாட்டினோம். அந்த வேலையை இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து முடித்து வைத்தோம். "நீங்கள் தமிழிலை தொடங்கி இங்கிலீசிலை முடிக்கிறீங்கள், நடுவிலை நான் எங்கை ஏறுறது?" என்று என் பேச்சைக் கிண்டல் செய்வார். "நீங்க மட்டும் என்னவாம்? பல் டாக்டரைப் பாக்கப் போனாலும் டெர்மின், மாமியார் வீட்டுக்கு வந்தாலும் டெர்மின்" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். முன்கூட்டியே குறித்துவைத்த நேரத்துக்கு ஜெர்மனில் டெர்மின் என்று பெயர்.

அவரைப் பற்றிச் சொல்ல எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மென்பொருள் எழுதும் ஒருவர் ஏதாவது மாற்றம் செய்து அனுப்பினால், அலுவலகத்துக் கணினி ஒன்று எல்லோருடைய பகுதிகளையும் சேர்த்து முழு மென்பொருளாகக் கட்டிப் பார்க்கும். அதை பில்ட் என்போம். கட்டும்போது, தான் செய்வதையெல்லாம் அந்தக் கணினி வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். எங்காவது ஒன்று உடைந்துவிட்டால், அந்த ஒன்றினால் அதற்குப் பின் வருவதெல்லாம் உடைந்து, பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்துகள் ஓடும். உண்மையில் எந்த வரியில் உடைந்தது என்று கண்டுபிடிப்பது, கல்யாணச் சாப்பாட்டில் எந்தப் பண்டம் வயிற்றைக் கெடுத்தது என்று தேடுவது போலத்தான். கண்டுபிடித்தவர் அந்த வரியின் எண்ணைச் சொடுக்கினால் வரி மஞ்சளாகும். பக்கத்தின் முகவரி முடிவில் அந்த எண் ஒட்டிக்கொள்ளும். அந்த முகவரியை நகலெடுத்து அனுப்பினால், திறப்பவர் நேராக அந்த வரியிலேயே போய் இறங்குவார்.

அக்கா இதில் கெட்டிக்காரர். மற்றவர்கள் "நடுவில் எங்கோ ஏதோ பிழை" என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். அவர் இணைப்பை மட்டும் அனுப்புவார். வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை, சிரிக்கும் முகம்கூட இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வரியே கதைக்கும்தானே அக்கா, நான் வேற ஏன் கதைக்க?" என்றார்.

நான் சேர்ந்து தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் இது நடந்தது. என் கணவர் ஆஹென் நகரில் ஆராய்ச்சி மாணவர். வார இறுதிகளில் மட்டும் ரயில் ஏறி வருவார். அவருடைய உதவித்தொகை முடியவிருந்தது. எங்கள் மூவருடைய வதிவிட அனுமதியும் என் வேலையை நம்பி இருந்தது. மகளுக்குக் கீட்டா எனும் மழலையர் காப்பகத்தில் இடம் கிடைத்து, அங்கே அழாமல் இருக்கப் பழகியிருந்தாள். குழுத் தலைவர் அடுத்த வாரம் என்னுடன் உட்கார்ந்து பேசி, என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் நாலு முறை படிப்பேன். அனுப்பிய பிறகும் படிப்பேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். முந்தின நாள் மாலை ஒரு மாற்றத்தை அனுப்பிவிட்டு வந்திருந்ததால் மனம் அங்கேயே இருந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு கைபேசியை எடுத்தேன். பில்ட் உடைந்திருந்தது. குழுவினர் எல்லோரும் பார்க்கும் உரையாடலில் அக்கா வழக்கம் போல ஓர் இணைப்பைப் போட்டிருந்தார், ஒரு வார்த்தையும் இல்லாமல். தொட்டேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். லாக் திறந்தது. திரையில் முதல் வரி: "இந்த பில்டைத் தொடங்கியவர்", அதற்குப் பக்கத்தில் என் முழுப்பெயர்.

அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அக்கா சரியான வரியை அல்லாமல் வேறெதையும் அனுப்புகிறவர் அல்லவே. எல்லோருக்கும் நடுவில் என் பெயரைச் சுட்டிக்காட்டிவிட்டாரே என்று காதுமடல் சுட்டது. மறுநிமிடமே, அவர் மேல் என்ன தப்பு, உடைத்தது நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "என்னுடைய தவறு, மன்னிக்கவும், மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறேன்" என்று எழுதினேன். திரும்ப எடுத்தேன். போதாது என்று குழுத் தலைவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பில்ட் பச்சையாக வந்தது. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அக்கா மட்டும் எதுவும் போடவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். அவர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார், மறுநாளும் விடுப்பில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய காலையில் பில்ட் மறுபடி உடைந்தது. என் மாற்றம் அதில் இல்லவே இல்லை. குழுத் தலைவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, நாளைக்குத் தருகிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"அண்டைக்கு நான் அனுப்பின வரியைப் பாத்தனீங்களோ?"

"பாத்தேன்கா. அதான் உடனே ரிவர்ட் பண்ணிட்டேனே."

"டிஸ்கிலை இடம் இல்லாததுக்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

"எந்த டிஸ்க்?"

அவர் தன் கைபேசியில் அதே இணைப்பைத் திறந்து காட்டினார். நீண்ட பதிவின் நடுவில், மஞ்சளாக ஒரே ஒரு வரி: வட்டில் இடமில்லை. பில்ட் செய்யும் கணினிகள் எங்களிடம் பல இருந்தன. அவற்றில் ஒன்று பழைய குப்பையால் நிரம்பிப் போயிருந்தது. அந்தக் கணினியில் போய் விழும் பில்ட் மட்டும் உடையும். வேறொன்றில் விழுந்தால் பிழைக்கும். நான் மாற்றத்தைத் திரும்ப எடுத்த பிறகு ஓடிய பில்ட் வேறொரு கணினிக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

"எனக்கு இது வரலக்கா. என் பேர்தான் வந்துச்சு."

"சும்மா சொல்லாதேங்கோ. காட்டுங்கோ."

என் கைபேசியை வாங்கி, அந்தப் பக்கத்தை லாகவுட் செய்து, இணைப்பைத் தொட்டு, கடவுச்சொல்லுக்கு என்னிடம் நீட்டினார். பக்கம் திறந்தது. முதல் வரி. என் பெயர். அக்கா மறுபடி லாகவுட் செய்து, மறுபடி தொட்டார். மறுபடியும் என் பெயர். எனக்கு இருந்த பயம் எல்லாம் போய், இது எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வந்துவிட்டது. இருவரும் குனிந்து, முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். கடவுச்சொல் கேட்கும் பக்கம், முகவரி முடிவிலிருந்த வரி எண்ணை விழுங்கிவிடுகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை இணைப்பு அந்த வரியில் கொண்டுபோய் இறக்குகிறது. கதவைத் தட்டிக்கொண்டு வருபவரை வாசலிலேயே, முதல் வரியில், நிறுத்திவிடுகிறது. ஒரே இணைப்புத்தான், ஆனால் அவர் பார்த்தது ஒன்று, நான் பார்த்தது வேறு.

அக்கா நெற்றியில் கையை வைத்தார். "ஐயோ கடவுளே! அப்ப இவ்வளவு நாளும் நான் ஆக்களுக்கு அவையின்ர பேரையே எல்லோ அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறன்! அதுதான் அந்தத் தாடிக்காரர் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுட்டுப் படியாலை இறங்கி ஓடுறவர்!" அன்று மதியமே அந்த மனிதரிடம் போய் விளக்கம் சொல்லியிருக்கிறார். அவரோ, முழங்கால் மருத்துவர் சொன்னதால்தான் படியில் இறங்குகிறேன் என்றாராம்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அக்கா அதைக் கேட்டார். "சரி, பேரைப் பாத்தீங்கள். பேர் இருந்தால் பிழை உங்கட எண்டு ஆர் சொன்னது? தொடங்கினவர் எண்டுதானே எழுதியிருக்கு. உடைச்சவர் எண்டு எழுதேல்லையே."

அடுத்த வாரம் குழுத் தலைவருடன் உட்கார்ந்தேன். அவர் என் வேலையில் குறை சொல்லவில்லை. "நீங்கள் 'என்னுடையது' என்று எழுதியதும் நாங்கள் எல்லோரும் லாக்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். நானும்தான். அக்கா அனுப்பிய இணைப்பை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை" என்றார். அந்த மன்னிப்பை நல்ல குணமாக மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எல்லோருடைய தேடலையும் நிறுத்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நிரம்பிய வட்டு இரண்டு நாள் கூடுதலாக நிரம்பியே கிடந்ததற்கு என் பணிவும் ஒரு காரணம். "சாரி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வேலை நிரந்தரமான கடிதம் மாதக் கடைசியில் வந்தது.

அதன் பிறகு அக்கா இணைப்புக்குக் கீழே அந்த வரியையும் நகலெடுத்து ஒட்டத் தொடங்கினார். சில நாள் அதற்கும் கீழே, "இது உங்கட பேர் இல்லை அக்கா" என்று எனக்காகத் தமிழில் ஒரு வரி இருக்கும். ஜெர்மானியர்கள் அதை ஏதோ தொழில்நுட்பக் குறிப்பு என்று எண்ணியிருப்பார்கள். அவர் இப்போது மியூனிக்கில் வேறு வேலையில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு இணைப்பு அனுப்பும்போது நான் ஒட்டும் வரிகளையும் விளக்கங்களையும் பார்த்தால், அவரே அலுத்துக்கொள்வார்.

போன வாரம் மகளைக் கூட்டி வரக் கீட்டாவுக்குப் போனேன். அவள் கதவருகே ஒரு கையை மட்டும் கோட்டில் நுழைத்தபடி நின்றிருந்தாள். அறையின் மறுகோடியில் யாரோ தண்ணீர்ச் சாடியைத் தட்டிவிட்டார்கள். சத்தம் கேட்ட மாத்திரத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், என் மகள் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். ஆசிரியை பூரித்துப்போய், எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை, எப்போதுமே இப்படித்தான் என்றார். எப்போதுமேவா? வாசலில் நின்றே ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நல்லதுதானே, உன்னை மாதிரியே வளருது" என்றார் மகிழ்ச்சியாக.

வீட்டுக்குப் போகும் ரயிலில் மகளிடம் கேட்டேன். "நீயா தண்ணியக் கொட்டுன?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சாரி சொன்ன?"

"யாராவது சொல்லணும்ல அம்மா."

காய்ச்சலோடு மடியில் கிடந்த அன்று நான் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னதை அவள் கேட்டிருப்பாளா, அல்லது தினமும் என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டாளா என்று யோசிக்கிறேன். பார்த்த பிறகு சொல், உன்னுடையது என்றால் மட்டும் சொல் என்று அவளிடம் சொல்லலாம். சொன்னால், தன் தப்பையே ஒத்துக்கொள்ளாத பிள்ளையாகிவிடுவாளோ என்று உடனே பயம் வருகிறது. சொல்லாமல் விட்டால், கொட்டியது யார் என்று யாருமே பார்க்காமல், எல்லாவற்றுக்கும் அவளையே பார்க்கப் பழகிவிடுவார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, இதுவரை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வளர்த்தவர்களும், என்னைப் போல வளர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். "யாராவது சொல்லணும்ல" என்று உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்லியிருந்தால், நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? ஐந்து வயதுக்கு விளங்குகிற மாதிரி, ஒன்றிரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.