காதர் பாய் பேசிய கேசட்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் சாலையில், வழக்கமான நெரிசலில் கார் நின்றபோது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் பாட்டு. அவர்களுக்குப் பேரும் பணமும் வாரிக்கொடுத்தது அந்த ஒன்றுதான். மெல்லிய கிடாரும் முணுமுணுப்புமாகத் தொடங்கி, திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடம் வருவதற்குள் ஒரு பெண் குறுக்கே புகுந்து அடுக்குமாடி வீடு வாங்கச் சொன்னாள். ரேடியோவைப் பட்டென்று அணைத்தேன். பக்கத்தில் இருந்த மகன், "சில் அப்பா, ஜஸ்ட் ஒரு ஆட்" என்றான். சில்லாவது ஒன்றாவது!

துபாய் சத்வாவில் நாலு பேர் ஒரு ரூமில் இருந்த காலத்தில், முதல் சம்பளத்தில் அந்தப் பாட்டு இருந்த கேசட்டை வாங்கினேன். ஒரிஜினல். திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனை வரும். ஆனால் ரூம் முழுக்கக் காதர் பாயின் அத்தர் வாசனைதான். கீழக்கரைக்காரர், அத்தர் கடையில் வேலை. நான் அந்தப் பாட்டைப் போட்டுத் தலையாட்டுவேன். வரிகளில் பாதி புரியாது என்பது நமக்குள் இருக்கட்டும். "யாருப்பா அவன், பல்லு வலியா?" என்பார் பாய்.

அப்போது போன் பேசக் கட்டுப்படியாகாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதைக் கேசட்டில் பேசி, லீவில் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். வீட்டில் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் நாம் பேசியதை அழித்து அதன்மேல் பதில் பேசி அனுப்புவார்கள். யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் கேசட்டின் காலி டப்பா மட்டும் கிடக்கிறது.

"எங்க பாய் என் கேசட்டு?"

"ஊருக்குப் போயிருச்சு தம்பி. ஜும்மா நேரம், கடையெல்லாம் அடைச்சிருக்கு. ஏர்போர்ட்டுக்குப் போற ஆளு கீழ நின்னு கத்துறாரு. புள்ள பொறந்திருக்கு, வாப்பா சத்தத்த அது கேக்க வேணாமா?"

ஒரிஜினல் கேசட்டில் மேலே பதிவு செய்ய முடியாதபடி ஓரத்தில் ஓட்டை விட்டிருப்பார்கள். மனுஷர் அதில் டிஷ்யூ பேப்பரைத் திணித்துப் பேசியிருக்கிறார்! முதல் இரண்டு பாட்டும் காலி. மூன்றாவதான அந்தப் பாட்டு வருவதற்குள் அவருக்குப் பேச்சு தீர்ந்துபோனது அதிர்ஷ்டம். வாயில் வந்தபடி திட்டினேன். இப்போதும் சொல்கிறேன், அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அடுத்து கோபப்பட்டது அவர். பதில் கேசட்டைக் கேட்டுவிட்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"பெத்த வாப்பா பேசுறேன், வீல்னு அழுவுதாம். பின்னால அந்த வெள்ளக்காரன் கத்துறான், உடனே தூங்கிருதாம்! பாட்ட மட்டும் அழிச்சிராதீங்கங்கிறா எம் பொஞ்சாதி. நான் கெடக்கேன் பாரு ஒருத்தன்!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் அதே கேசட்தான் போய்வந்தது. பாட்டு தொடங்கும் முன் பேசி நிறுத்திவிடுவார்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் முன்பே காதர் பாய் இங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். அவள் இப்போது கணவருடன் இங்கே ஷார்ஜா முவைலாவில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள்.

"மாமா, வாப்பா பேசுன கேசட்டு உங்கள்ட்ட ஒண்ணாச்சும் இருக்கா? ஊர்ல இருக்கறதப் போட்டுப் பாத்தோம். உம்மா பேசுறாங்க, அப்புறம் அந்தப் பாட்டு வருது. வாப்பா சத்தமே இல்ல."

அந்தப் பாட்டுக்கு இப்போது புதுப்பதிப்பு வந்திருக்கிறது. ஸ்டுடியோவில் பாடகர் தொண்டையைச் செருமியதைக்கூட மெருகேற்றி விற்கிறார்கள். யார் கேட்டார்கள் அதை? பாடியவருக்கே அந்தப் பாட்டு அலுத்துவிட்டதாம், பேட்டி பேட்டியாகச் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இல்லியேம்மா" என்றேன்.

"என்ன பேசுவாங்கன்னாவது ஞாபகம் இருக்கா மாமா?"

எப்படி இருக்கும்? ஒருவர் வீட்டுக்குப் பேசிப் பதிவு செய்யும்போது மற்ற மூவரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்போம். அதுதான் ரூம் மரியாதை. அந்த மரியாதையில் இடி விழ.