சங்கத்துல சேர்ந்து இன்னா லாபம்?

பிற்பகலானால் எங்கள் அம்மாவின் கையில் புளி மணக்கும். காலையெல்லாம் மீன் அரிந்த கையைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, மோந்து பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் கழுவி, "வாடை அடிக்குதா பாரு" என்று என் மூக்கருகே நீட்டுவாள். நான் இல்லையென்று தலையாட்டிய பிறகுதான் லேஸ் சங்கத்துக்குக் கிளம்புவாள். வெள்ளை நூலில் மீன் வாடை ஒட்டிவிடக் கூடாதே என்று அவளுக்கு அவ்வளவு பயம்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது எங்கள் குப்பம். அறுபதுகளின் கடைசியில் பொன்னேரியிலிருந்து வந்த ஓர் அக்கா, பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பெண்களைக் கூட்டி, கொக்கி ஊசியால் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்து, அவர்களை ஒரு சங்கமாக்கிவிட்டுப் போனார். ஆளுக்குச் சில சதுரங்கள் பின்ன வேண்டும். எல்லாவற்றையும் கோத்தால் ஒரு மேசை விரிப்பு. ஒருத்தியின் சதுரம் கெட்டால் விரிப்பே கெட்டது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். அம்மா சங்கத்துக்குப் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஊட்ல வலை கிழிஞ்சு கெடக்குது, நீ அங்க குந்திக்கினு நூல் சுத்துற. சங்கத்துல சேர்ந்து இன்னா லாபம்?" என்று தினமும் இதே பாட்டு. அம்மா புளியை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பிப்பாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

லேசில் முடிச்சே கூடாது. நூல் தீர்ந்தால் அடுத்த நூலின் நுனியைப் பின்னலுக்குள் செருகி மறைக்க வேண்டும். அம்மாவுடையதோ சிறுவயதிலிருந்து வலை பின்னிய கை. நூல் முனையைக் கண்டால் தானாக வலை முடிச்சைப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கிவிடும். விற்கப் போன முதல் விரிப்பு திரும்பி வந்தது. அவள் சதுரங்களில் மட்டும் கடுகு கடுகாக முடிச்சுகள். "நான் நின்னுக்கிறேன், என்னால உங்க பொழப்பு கெட வேணாம்" என்று அழுதாள் அம்மா. பக்கத்து வீட்டுத் தனம் அக்கா, சங்கத்திலேயே வாய் நீளம் அவளுக்குத்தான், "எங்க கையி மட்டும் இன்னா, அதே வலைக்காரி கைதான். பிரிச்சுப் போடலாம் வாடி" என்று விரிப்பை மடியில் இழுத்துக்கொண்டாள்.

சேதி நைனா காதுக்கும் போயிற்று. "இந்த விரிப்போட நிறுத்திக்கோ" என்றார். அம்மா சரியென்று தலையாட்டினாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த ஐப்பசியில் நைனா போன கட்டுமரம் கரை திரும்பவில்லை. எங்கள் குப்பத்தில் மரம் திரும்பாவிட்டால் பெண்கள் கூடிவிடுவார்கள். ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். மறுநாள் விடிந்ததும் எங்கள் வாசலில் சங்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அழ வாயெடுத்தபோது, "ஆள் வருவாரு. அதுவரைக்கும் பின்னு" என்று அடக்கிய தனம் அக்கா, அம்மாவின் கையிலும் ஊசியைத் திணித்தாள். முந்தின நாள் மீன் அரிந்த கையை அம்மா கழுவியிருக்கவில்லை. கண் கடலில் இருக்க, கை தன் போக்கில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனது. ஒருவரும் பிரிக்கச் சொல்லவில்லை. யாரோ எனக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தார்கள்.

மதியத்துக்கு மேல் நைனா வந்துவிட்டார். காற்று வடக்கே தள்ளி, ஆந்திரா பக்கம் கரையேறி, ஏரி வழியாக யாரோ படகில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வாசல் நிறைய ஊசியும் நூலுமாக இருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு அவர்களைத் தாண்டாமல், சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே போனார். இரண்டொரு நாள் கழித்து, சங்கத்துக்குப் போவதா வேண்டாமா என்று அம்மா தயங்கி நின்றபோது, புளியை ஊறவைத்துக் கொண்டுவந்து நீட்டியவர் அவர்தான்.

பின்னாளில் ஓர் இளவட்டம் தன் பெண்சாதியை அனுப்ப மனமில்லாமல் அவரிடமே கேட்டான், "சங்கத்துல சேர்ந்து இன்னா லாபம், மாமா?" நைனா வலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "நீ ஒரு நாள் கரைக்குத் திரும்பாம இருந்து பாரு, தெரியும்."

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, தனம் அக்கா இல்லை, நைனாவும் அம்மாவும் இல்லை. நான் கடலை விட்டுத் தள்ளி, மணவாள நகரில் இருக்கிறேன். அன்று அம்மா பின்னிய சதுரம் என் பீரோவில் இருக்கிறது. தடவினால் முடிச்சுகள் விரலில் தட்டுப்படும். அவள் கழுவாத கையின் வாடை ரொம்ப நாள் அதில் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. நான்தான் இன்னும் மோந்து பார்க்கிறேன்.